ரைடிங் மோவர் வாங்கப் போகிறேன்: சரிவான நிலம், சீட் சுவிட்ச், மடியில் பேத்தி

ஏக்கர்_சாமி

வணக்கம். நார்த் கரோலைனாவில் ஏபெக்ஸ் பக்கம் 1.25 ஏக்கரில் வீடு வாங்கிக் குடி வந்திருக்கிறோம். இதுவரை டவுன்ஹவுஸ் வாசம். புல் வளர்ந்தால் எச்ஓஏ (குடியிருப்போர் சங்கம்) ஆள் வந்து வெட்டிவிட்டுப் போவார். இனி அது என் தலையில்.

முன்பக்கம் சமதளம். பின்பக்கம் ஒரு குளத்தைப் பார்த்து இறங்குகிறது. 42 இன்ச் அகலம் வெட்டும் லான் டிராக்டரா (ஸ்டீயரிங் வீல் வைத்த, உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டி), ஜீரோ டர்னா (நின்ற இடத்திலேயே திரும்பும் ரகம்) என்று முடிவெடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜீரோ டர்ன் வைத்திருக்கிறார். "பாதி நேரத்தில் வேலை முடியும், மரத்தைச் சுற்றி ஒரு புல் விடாமல் எடுக்கும்" என்று ஒரே புகழ்.

இன்னொரு விஷயம். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம் பல வருஷம் டிராக்டர் ஓட்டியவர். கடையில் மோவரைப் பார்த்ததும் "இது என்ன, டிராக்டர் போட்ட குட்டியா? நான் ஓட்டறேன், பாப்பா மடியில உக்காரட்டும்" என்கிறார். பாப்பாவுக்கு 4 வயது. அன்றிலிருந்து அவளுக்கும் அதே பாட்டு.

பாதுகாப்பு, பராமரிப்பு எதுவானாலும் சொல்லுங்கள். எனக்குப் புல்லும் தெரியாது, எஞ்சினும் தெரியாது.

சும்மா_ஒருத்தன்

ஆள் வைத்து வெட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுங்கள். மோவர் வாங்கினால் அதற்கு ஒரு ஷெட், ஷெட்டுக்கு ஒரு பெர்மிட் என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஏக்கர்_சாமி

கூலி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன் தல.

பழைய_ஸ்பேனர்

வண்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் சரிவை அளந்துவிடுங்கள். கண்ணால் பார்த்துச் சொன்னால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வோம்.

4 அடி நீளத்தில் நேரான பலகை ஒன்று எடுங்கள். ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் ஊன்றி, மேலே ரசமட்டம் வைத்துப் பலகையைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கீழ்ப்பக்க முனைக்கும் தரைக்கும் நடுவே எத்தனை இன்ச் என்று டேப் வைத்துப் பாருங்கள். எட்டரை இன்ச் என்றால் 10 டிகிரி. 13 இன்ச் என்றால் 15 டிகிரி. லான் டிராக்டர் மேனுவல்கள் பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேல் ஏற்றாதே என்கின்றன. ஜீரோ டர்ன்களில் பலவற்றுக்கு வரம்பு 10 டிகிரிதான். மாடலுக்கு மாடல் மாறும், வாங்குவதற்கு முன்பே அந்த மேனுவலை இறக்கிப் படித்துவிடுங்கள். ஒரு இடத்தில் அளந்தால் போதாது. மேலே, நடுவில், குளத்தங்கரையில் என்று தனித்தனியாக எடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தப்பில்லை, அவர் நிலம் சமதளமாக இருந்தால். ஜீரோ டர்னில் முன் சக்கரங்கள் இரண்டும் வெறும் கேஸ்டர். வண்டி போகிற பக்கம் அவை திரும்புமே தவிர, வண்டியை அவை திருப்பாது. திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரங்கள் மட்டும்தான். ஈரப் புல்லில் அந்த இரண்டும் வழுக்கிவிட்டால் ஸ்டீயரிங்கும் போச்சு, பிரேக்கும் போச்சு. உங்களுக்கு அடியில் குளம் வேறு. முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற, ஸ்டீயரிங் வீல் வைத்த ஜீரோ டர்ன்களும் உண்டு, கப் காடெட்டின் இசட்டிஎஸ் வரிசை மாதிரி. விலை கூடுதல்.

இரவுப்பணி

நான் குழந்தைகள் எமர்ஜென்சியில் நர்ஸ். வண்டி விஷயம் எனக்குத் தெரியாது, மடியில் உட்கார வைக்கிற விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

வேண்டாம். மெதுவாகப் போனாலும் வேண்டாம், பிளேடு ஓடாவிட்டாலும் வேண்டாம்.

இந்த நாட்டில் சின்னக் குழந்தைகள் கை கால் இழப்பதற்கு முக்கியமான காரணங்களில் புல் வெட்டும் மெஷினும் ஒன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, தள்ளுகிற மோவர் ஓட்ட 12 வயதாவது, ரைடிங் மோவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. கூட உட்கார்ந்து வருவதற்கு வயதே கிடையாது, எந்த வயதிலும் கூடாது.

"சீட் சுவிட்ச் இருக்கே, ஆபத்து என்றால் நின்றுவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. சீட் சுவிட்ச் தெரிந்து வைத்திருப்பது ஓட்டுகிறவரின் எடையை. மடியிலிருந்து குழந்தை நழுவினால் தாத்தா சீட்டில்தான் இருப்பார். சுவிட்சைப் பொறுத்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பிளேடும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். குழந்தை விழுகிற இடமோ டெக்கை, அதாவது பிளேடை மூடியிருக்கும் கூட்டை, ஒட்டி.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. ஒரு தடவை ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டால், அந்தச் சத்தம் கேட்டாலே குழந்தைக்கு அழைப்பு மாதிரி. அடுத்த வாரம் நீங்கள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது "தாத்தா, நானும்" என்று பின்னால் ஓடி வருவாள். காதில் மஃப் மாட்டியிருப்பவருக்கு அது கேட்காது. மோவர் வெளியே ஓடுகிறது என்றால் பாப்பா வீட்டுக்குள், கூட ஒரு பெரியவர். "அவளே விளையாடிக்கிட்டு இருப்பா" என்பது கணக்கில் வராது.

வடக்குக்காற்று

நர்ஸம்மா சொன்ன ரிவர்ஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். இப்போது வரும் லான் டிராக்டர்களில் பிளேடு ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் எஞ்சினோ பிளேடோ நின்றுவிடும். அதை மீறுவதற்குச் சாவியில் ஒரு தனி நிலையோ, ஜான் டியரில் ஆர்ஐஓ என்று போட்ட பட்டனோ இருக்கும். ஓட்டுபவர் வேண்டுமென்றே ஒரு வேலை செய்தால்தான் ரிவர்ஸில் வெட்டும். அந்த ஒரு விநாடி எதற்கென்றால் திரும்பிப் பார்ப்பதற்கு. தோளுக்கு மேலே மட்டும் பார்த்தால் போதாது, கீழேயும் பார்க்க வேண்டும். 4 வயதுக் குழந்தை சீட்டின் முதுகுக்குக் கீழேதான் இருக்கும்.

நான் மிஷிகன். எனக்கு ரிவர்ஸில் வெட்ட வேண்டிய தேவையே வருவதில்லை. மூலையில் மாட்டிக்கொண்டால் பிளேடை அணைத்து, பின்னால் எடுத்து, மறுபடி போட்டுக்கொள்கிறேன்.

ஏக்கர்_சாமி

அளந்தாச்சு. மேல் பாதி 11 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 13 டிகிரி. குளத்தை ஒட்டிய கடைசிப் பகுதி 17 இன்ச் வருகிறது. போன் ஆப்பிலும் வைத்துப் பார்த்தேன், 19 காட்டுகிறது. நின்று பார்த்தால் அவ்வளவு தெரியவே இல்லை.

பழைய_ஸ்பேனர்

அப்படியானால் ஜீரோ டர்ன் பேச்சை விடுங்கள். லான் டிராக்டர் மேல் பாதிக்கு மட்டும். 17 இன்ச் பகுதிக்கு எந்த ரைடிங் மோவரும் போகக் கூடாது. அங்கே ஸ்டிரிங் டிரிம்மரோ (நைலான் கயிறு சுற்றி வெட்டும் கருவி) தள்ளுகிற மோவரோதான். இல்லை, வெட்டாமலே விட்டு நாட்டுச் செடி ஏதாவது போட்டுவிடுங்கள். மண்ணும் கரையாது, குளத்துக்கும் நல்லது.

மேல் பாதியில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள். குறுக்கே போனால் குடை சாய்கிறது. தள்ளுகிற மோவருக்கு நேர் எதிர்: அதைக் குறுக்கே தள்ள வேண்டும். மேலும் கீழும் தள்ளினால் வழுக்கிக் கால் உள்ளே போகும், அல்லது மெஷின் உங்கள் மேல் வரும். ரெண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தப் போகிறீர்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்த இடத்தில் வண்டி நிற்குமா என்று சந்தேகம் வந்தால், பிளேடை அணைத்துவிட்டு ரிவர்ஸில் மேலே ஏற்றிப் பாருங்கள். ஏற மறுத்தால் அந்த இடம் இந்த வண்டிக்கு இல்லை. சரிவில் நடுவே நிறுத்துவது, திடீரென்று கிளப்புவது, வெடுக்கென்று திருப்புவது மூன்றும் வேண்டாம். டயர் சுற்றி வழுக்க ஆரம்பித்தால் பிளேடை அணைத்து நேராகக் கீழே மெதுவாக இறக்குங்கள். நியூட்ரலில் உருட்டவே கூடாது. பின்னால் புல் பை மாட்டியிருந்தால், பை நிறைய நிறைய முன்பக்கம் லேசாகிவிடும், ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை விடும். உங்கள் நிலத்துக்குப் பை வேண்டாம், வெட்டிய புல்லைப் பொடியாக்கி அங்கேயே விடும் மல்ச்சிங்கே போதும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கென்று ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். டூவீலர் ஓட்டிப் பழகிய கால் இருக்கிறதே, வண்டி லேசாகச் சாய்ந்தால் தானாகக் கீழே ஊன்றும். ஸ்கூட்டியில் அது நம்மைக் காப்பாற்றும். இங்கே அந்தக் கால் ஊன்றுகிற இடம் டெக்குக்கும் சாய்கிற 200 கிலோ இரும்புக்கும் நடுவில். மேனுவலில் "காலை ஊன்றி நிலைப்படுத்த முயலாதே" என்று தனி வரியாகவே போட்டிருப்பான். சாய்வது போல் தோன்றினால் மேட்டுப் பக்கமாக உடம்பைச் சாய்த்து, பிளேடை அணைத்து, வேகத்தைக் குறைப்பது மட்டும்தான். அதற்கும் மேல் போகும் இடம் என்று தெரிந்தால் போகாமல் இருப்பதுதான்.

காலையில் பனி காய்வதற்குள் இறங்க வேண்டாம். உங்கள் பக்கம் பெரும்பாலும் ஃபெஸ்க்யூ புல்தான் போட்டிருப்பார்கள், பனியில் எண்ணெய் தடவிய தரையாக இருக்கும்.

வடக்குக்காற்று

குளத்தங்கரை, தடுப்புச் சுவர், பள்ளம், இவற்றுக்குக் குறைந்தது ரெண்டு மோவர் அகலம் தள்ளியே திரும்புங்கள். கரை ஓரத்து மண் மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்திருக்கும். சக்கரம் ஏறும்போதுதான் இடியும்.

பெரிய ஜீரோ டர்ன்களில் ஆர்ஓபிஎஸ் என்று தலைக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு வரும். அது நிமிர்ந்து இருந்தால் பெல்ட் போட வேண்டும். மரக்கிளைக்காக மடக்கி வைத்திருந்தால் பெல்ட் போடக் கூடாது, கவிழும்போது வெளியே விழ வழி வேண்டும். உங்களுக்கு இது தேவைப்படாது, படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

புல்தரை_அக்கா

ஹூஸ்டன் பக்கம் கேட்டியிலிருந்து எழுதுகிறேன். நல்ல இழை. என் சந்தேகம்: நான் எடை குறைவு. மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் சீட்டிலிருந்து ஒரு நொடி எழும்புகிறேன், எஞ்சின் உடனே நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு இப்படிப் பல தடவை. வீட்டுக்காரர், "சீட்டுக்கு அடியில் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் தீர்ந்தது, யூடியூபில் காட்டுகிறார்கள்" என்கிறார். செய்யலாமா?

கேரி_தம்பி

நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் அக்கா. நாம் கவனமாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது.

பழைய_ஸ்பேனர்

தம்பி, கவனமாக இருக்கிறவருக்கு அந்த சுவிட்ச் தேவையே இல்லை. கவனம் தப்புகிற அந்த ஒரு நொடிக்குத்தான் வைத்திருக்கிறார்கள். சரிவில் தூக்கி எறியப்பட்டால் கவனம் எங்கே போகும்?

அக்கா, வயரை முறுக்க வேண்டாம். முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சீட்டில் ஆள் இல்லாமல் பிளேடு போட்டிருந்தாலோ, பார்க்கிங் பிரேக் போடாமல் இருந்தாலோ, இக்னிஷனை எர்த் பண்ணி எஞ்சினை நிறுத்திவிடும். பிளேடு அதன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்குத் தனியாக ஒரு பிரேக் உண்டு. எலக்ட்ரிக் கிளட்ச் என்றால் கரண்டு போனதும் கிளட்சே பிரேக்காகப் பிடிக்கும். மஞ்சள் குமிழ் இழுக்கிற மாடல்களில் அதுவும் கிளட்ச்தான். லிவர், கேபிள் மாடல்களில் புல்லியை ஒரு பட்டை வந்து அழுத்தும். ரைடிங் மோவருக்கான அமெரிக்கத் தரம் கேட்பது, ஆள் எழுந்தால் பிளேடு 5 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்று. தள்ளுகிற மோவருக்கு 3 விநாடி.

இனி உங்கள் பிரச்சினை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ரெண்டு ஸ்பிரிங் இருக்கும். சில மாடல்களில் போல்ட்டைத் திருப்பினால் அந்த ஸ்பிரிங்கை எடைக்குத் தகுந்தபடி தளர்த்தலாம். லேசான ஆளுக்கு அது ரொம்ப விறைப்பாக இருந்தால் சீட் முழுசாக அமுங்காது, சின்னக் குதிப்புக்கும் சுவிட்ச் விட்டுப்போகும். அடுத்து, கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகத் துரு பிடித்திருந்தால் சுத்தம் பண்ணி மாட்டுங்கள். டெக்ஸஸ் ஈரப்பதத்துக்கு அது சகஜம். அப்படியும் சரியாகவில்லை என்றால் புது சுவிட்ச் போடுங்கள், விலை பெரிதில்லை. இதற்கெல்லாம் முன்னால், குதிக்கிற இடத்தில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். முக்கால்வாசி அதிலேயே சரியாகும்.

எல்லோரும் சீசன் ஆரம்பத்தில் ஒரு டெஸ்ட் செய்யலாம். சமதளத்தில், சுற்றி யாரும் இல்லாமல், சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை ஓட விடுங்கள். பிளேடு அணைந்திருக்க, பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட்டு, இறங்காமல் உடம்பை மட்டும் லேசாகத் தூக்குங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். அடுத்து பிரேக் போட்டு, பிளேடையும் போட்டு, மறுபடி தூக்குங்கள். அப்போதும் நிற்க வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விற்பவர் எதிரிலேயே இதைச் செய்து பாருங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் யாரோ வயரை முறுக்கியிருக்கிறார்கள். சரிசெய்து தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

புல்தரை_அக்கா

ஸ்பிரிங் போல்ட் இருக்கிறது! மூன்று சுற்று தளர்த்தினேன், இன்று ஒரே ஒரு தடவைதான் நின்றது, அதுவும் எறும்புப் புற்று மேல் ஏற்றியபோது. நெருப்பெறும்பு. அதை வேறு பார்க்க வேண்டும்.

ஏக்கர்_சாமி

அப்பா பஞ்சாயத்து முடிந்தது, சொல்கிறேன்.

நர்ஸம்மா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். மசியவில்லை. "உன்னையே மட்கார்டுல உக்கார வெச்சுத்தான் உழவுக்குப் போனேன், நீ என்ன குறைஞ்சு போனே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல. அப்புறம் கடையில் ஒரு டிஸ்ப்ளே வண்டியின் டெக்கைத் தூக்கி அடியில் இருக்கும் பிளேடைக் காட்டச் சொன்னேன். குனிந்து பார்த்தார். "அப்பா, ரோட்டவேட்டர் ஓடும்போது அதுக்குப் பக்கத்துல பாப்பாவை விடுவீங்களா?" என்று கேட்டேன். ரோட்டவேட்டரில் மாட்டிக் காலை இழந்தவர்களை அவருக்குத் தெரியும், எங்கள் பக்கத்துக் கிராமத்திலேயே உண்டு. "அது பின்னாடில்ல இருக்கும்" என்றார். "இதுல சீட்டுக்கு அடியிலயே இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நான் மட்டும் ஓட்டறேன்" என்றார்.

பாப்பாவுக்கு பேட்டரியில் ஓடுகிற பொம்மை டிராக்டர் வாங்கிக் கொடுத்தாச்சு. மோவர் வெளியே வரும்போது அது கராஜுக்குள் போய்விடும் என்பது ஒப்பந்தம்.

அடுத்த பஞ்சாயத்து வேட்டி.

பழைய_ஸ்பேனர்

வேட்டியும் வேண்டாம், லுங்கியும் வேண்டாம், செருப்பும் வேண்டாம். பிடிஓ ஷாஃப்டில் (டிராக்டருக்குப் பின்னால் சுற்றும் தண்டு) வேட்டி மாட்டுவதைப் பற்றி டிராக்டர்க்காரருக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஞாபகப்படுத்தினால் போதும். பேன்ட், முன்பக்கம் மூடிய ஷூ, கண்ணாடி, காதுக்கு மஃப். பெட்ரோல் ரைடிங் மோவர் சத்தம் ஓட்டுகிறவர் காதில் 90 டெசிபலை ஒட்டி இருக்கும். 85க்கு மேல் நாள்பூராவும் கேட்டால் செவிக்குக் கேடு என்பதுதான் கணக்கு. வயதானவர் என்றால் இன்னும் கவனம்.

இறங்குவதற்கு முன் நிலத்தை ஒரு சுற்று நடந்து கல், கிளை, பொம்மை, தோட்டக் குழாய் எல்லாம் பொறுக்கிவிடுங்கள். பிளேடு நுனியின் வேகத்துக்குத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் வெளியே வரும் ஜல்லிக் கல்லுக்கு ஜன்னலும் ஒன்றுதான், கணுக்காலும் ஒன்றுதான். பக்கவாட்டில் தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பை "புல் அடைக்குது" என்று கழற்றிவிடாதீர்கள்.

மின்கலம்

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு குரல். இங்கே ஏபி 1346 சட்டத்தால் 2024 முதல் தயாராகும் புது மோவர் எஞ்சின்கள் புகை விடவே கூடாது, அதனால் பேட்டரி வண்டிக்கு மாறினேன். ஆயில் இல்லை, கார்புரேட்டர் இல்லை, கையில் பெட்ரோல் நாற்றம் இல்லை. ஈகோ, ரையோபி எல்லாம் ரைடிங் மாடல் விற்கிறார்கள்.

ஆனால் பேட்டரி என்றால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். பிளேடு அதே பிளேடு, சரிவு வரம்பும் அதே சரிவு வரம்பு. சத்தம் இல்லாததால் இது ஆன் நிலையில் இருப்பதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சாவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்ட பிறகுதான் டெக்குக்கு அடியில் கை வைக்க வேண்டும்.

கேரி_தம்பி

பிளேடு கழற்றுவது பற்றி யாராவது விவரமாக எழுதுங்களேன். எனக்கு வெட்டிய புல் நுனி எல்லாம் பழுப்பாகத் தெரிகிறது.

வடக்குக்காற்று

பழுப்பு நுனி என்றால் பிளேடு வெட்டவில்லை, பிய்க்கிறது. ஒரு புல்லைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள், நுனி நார் நாராக இருக்கும். சாணை பிடிக்க நேரம் வந்துவிட்டது. 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை என்பது பொதுவான கணக்கு, மணல் தரை என்றால் அதற்கு முன்பே.

எஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். ரெண்டு சிலிண்டர் என்றால் ரெண்டையும். பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் கிளம்ப முடிகிற மெஷின்கள் உண்டு, அதனால் இதில் சோம்பல் கூடாது. வண்டியைத் தூக்க ரேம்ப் நல்லது. ஜாக் வைத்தால் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஹைட்ராலிக் ஜாக் சொல்லாமல் இறங்கும். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை.

கையுறை போட்டுக்கொண்டு, பிளேடுக்கும் டெக் சுவருக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் பிளேடு சுற்றாது. நீளக் கைப்பிடி பிரேக்கர் பாரில் போல்ட்டைத் தளர்த்துங்கள். கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று மார்க்கரில் ஒரு கோடு. வளைந்த இறக்கைப் பகுதி மேலே டெக்கைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் நாள்பூரா ஓட்டினாலும் புல் அப்படியேதான் நிற்கும்.

சாணையில் பழைய கோணத்தையே பிடித்துத் தேய்க்க வேண்டும். சவர பிளேடு கூர்மை தேவையில்லை. அவ்வளவு மெலிந்தால் முதல் கல்லிலேயே மடங்கும். தேய்க்கும்போது நீலம் பாரிக்கிற அளவுக்குச் சூடாக விடாதீர்கள், பதம் போய்விடும். முடிந்ததும் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்து முனையில் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். எடை சமமில்லாத பிளேடு வண்டியை ஆட்டி, பிளேடு சுற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கைத் தின்றுவிடும். இறக்கை சேரும் இடத்தில் விரிசலோ ஓட்டையோ இருந்தால் சாணை வேண்டாம், குப்பையில் போடுங்கள். மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), மேனுவலில் இருக்கும் அளவுக்கு.

புல்தரை_அக்கா

புல் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் கட்டை என்றால் உடனே டெக்கைப் பிரிக்காதீர்கள், டயர் காற்றைப் பாருங்கள். எனக்கு ஒரு பின் டயரில் மட்டும் காற்று குறைந்திருந்தது, அவ்வளவுதான். 42 இன்ச் வண்டிகளில் முன்னால் 14 பிஎஸ்ஐ, பின்னால் 10 பிஎஸ்ஐ மாதிரி இருக்கும். கார் டயர் ஞாபகத்தில் 30க்கு ஏற்றிவிடாதீர்கள். காற்று சரியாக இருந்தும் கோணல் என்றால்தான் டெக் லெவல். முன்பக்கம் பின்பக்கத்தைவிட கால் இன்ச்சுக்குள் தாழ்ந்திருக்க வேண்டும்.

ஏக்கர் தம்பி, ஃபெஸ்க்யூவை 3 இன்ச்சுக்குக் கீழே வெட்டாதீர்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது. இங்கே பெர்முடா புல் என்றால் அது வேறு கதை.

கேரி_தம்பி

என் பழைய வண்டிக்கு ஒரு வியாதி. சாவி திருப்பினால் அரைச் சுற்று சுற்றி நிற்கும். கொஞ்சம் திணறி மறுபடி சுற்றும். புது பேட்டரி போட்டும் அதே கதி. ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றச் சொல்கிறார்கள்.

பழைய_ஸ்பேனர்

ஸ்டார்ட்டர் வாங்குவதற்கு முன் பொறுங்கள். ஒற்றை சிலிண்டர் ஓஎச்வி (வால்வுகள் சிலிண்டர் தலையில் இருக்கும்) எஞ்சினா? அப்படியானால் வால்வு இடைவெளியைப் பாருங்கள், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சந்தை.

ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷன் முழுசாக இருந்தால் இந்தச் சின்ன மோட்டாரால் தள்ள முடியாது. அதனால் கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன மேடு, ஸ்டார்ட்டிங் வேகத்தில் மட்டும் வால்வை ஒரு மயிரிழை தூக்கிக் காற்றை விட்டுவிடும். வால்வு இடைவெளி தேய்ந்து அகலமாகிவிட்டால் அந்த மயிரிழை இடைவெளியிலேயே காணாமல் போகும். வால்வு தூங்கும், கம்ப்ரஷன் முழுசாக நிற்கும், மோட்டார் திணறும். எல்லோரும் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பிளக்கைக் கழற்றி, வால்வு கவரைத் திறந்து, பிஸ்டன் உச்சிக்கு வந்து கால் இன்ச் கீழே இறங்கிய நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். பல எஞ்சின்களில் இன்டேக் 0.003 முதல் 0.005 இன்ச், எக்ஸாஸ்ட் 0.005 முதல் 0.007 இன்ச். உங்கள் எஞ்சின் எண்ணைப் போட்டுச் சரியான அளவைத் தேடிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் பேட்டரி முனையும், சட்டத்தில் இறங்கும் எர்த் வயரும் சுத்தமா என்று பார்ப்பது நல்லது.

கேரி_தம்பி

அண்ணா, 0.012 இருந்தது! சரி பண்ணினதும் ஒரே திருப்பில் கிளம்புகிறது. ஸ்டார்ட்டர் காசு மிச்சம்.

சும்மா_ஒருத்தன்

அந்தக் காசில் பிரியாணி.

ஏக்கர்_சாமி

42 இன்ச் லான் டிராக்டர், ஹைட்ரோஸ்டாட்டிக் (கியர் மாற்றாமல் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது). நாளைக்கு வீட்டுக்கு வருகிறது. ஆயில், பெட்ரோல் பற்றி ஏதாவது?

வடக்குக்காற்று

புது எஞ்சினுக்கு முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், பெரும்பாலும் 5 முதல் 8 மணி நேரத்துக்குள். உள்ளே தேய்ந்த இரும்புத் தூள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதன்பிறகு மேனுவல் சொல்கிற மணிக்கணக்கு, இல்லையென்றால் வருஷத்துக்கு ஒன்று. ஆயிலை ஒவ்வொரு தடவையும் பாருங்கள், வண்டி சமதளத்தில் நிற்கும்போது.

ஹைட்ரோ வண்டியை எஞ்சின் ஓடாமல் தள்ள வேண்டி வந்தால் பின்னால் ஒரு பைபாஸ் லிவர் இருக்கும், அதை இழுத்துவிட்டுத் தள்ளுங்கள். ஓட்டும்போது அது பழைய இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சரிவில் வண்டி தன்னிஷ்டத்துக்கு உருளும்.

வெட்டி முடித்ததும் சூட்டோடு கராஜுக்குள் தள்ளாதீர்கள். சைலன்சரைச் சுற்றிக் காய்ந்த புல் சேர்ந்திருக்கும், அது பற்றிக்கொள்ளும். வெளியே ஆற விட்டு, ஊதி எடுத்துவிட்டு உள்ளே விடுங்கள். குளிர்காலம் முடிந்து முதல் தடவை எடுக்கும்போது எஞ்சின் மேல் கவரைத் திறந்து எலிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று போகிற வழி அடைத்தால் எஞ்சின் வெந்துவிடும்.

ஏக்கர்_சாமி

நன்றி. பெட்ரோல்? எங்கள் பக்கத்துப் பங்கில் ஆக்டேன் 88 என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், 87ஐவிட விலை குறைவு. நம்பர் கூடுதல்தானே, நல்லதுதானே?

பழைய_ஸ்பேனர்

தொடாதீர்கள். அந்த 88 பெரும்பாலும் இ15, அதாவது 15 சதவீதம் எத்தனால். 2001 மாடல் முதல் வந்த கார்களுக்குத்தான் அனுமதி. மோவர் மாதிரிச் சின்ன எஞ்சின்களில் ஊற்ற இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு) அனுமதியே கிடையாது, வாரன்டியும் போய்விடும். சாதாரண 87, அதில் 10 சதவீதம் வரை எத்தனால் பரவாயில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, எஞ்சினைச் சில நிமிஷம் ஓட விட்டு, கார்புரேட்டர் வரை அதைக் கொண்டுபோய்ச் சேருங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் குளிர்காலத்துக்கு அதுவே மேல்.

ஏக்கர்_சாமி

அப்போ 87தான். இப்பவே கேனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், காலையில் அப்பாவுக்குப் பொறுமை இருக்காது.

வடக்குக்காற்று

கேனைக் கார் டிரங்கிலேயே வைத்து நிரப்பாதீர்கள். கீழே தரையில் இறக்கி வைத்து, நாசில் கேன் வாயைத் தொட்டபடியே இருக்க நிரப்புங்கள். கார்ப்பெட் மேல் பிளாஸ்டிக் கேனில் சேரும் ஸ்டாட்டிக் ஒரு பொறிக்குப் போதும். முழுசாகவும் நிரப்பாதீர்கள், வெயிலில் உப்பும்.